நரி முகம்

பாப்பா சிரிக்கிறாள். கண் மூடித்தான் இருக்கிறது, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறி இறங்குகிறது, கன்னத்தில் குழி விழுந்து மறைகிறது, யாரோ காதில் வேடிக்கையாக என்னமோ சொல்லியிருக்கிறார்கள். சிரித்து முடிக்கவில்லை, அதற்குள் உதடு பிதுங்கி நெற்றி சுருங்கி, சத்தமே இல்லாமல் ஒரு அழுகை. அதுவும் போய்விட்டது. நரி வெரட்டுது என்பாள் என் மாமியார். குழந்தை தூங்கும்போது நரி வந்து காதோரம் உட்கார்ந்து பொய் சொல்லுமாம். உங்க ஆத்தா செத்துப்போயிட்டா என்று சொல்லுமாம், போ நரி, இப்பத்தானே அவகிட்டப் பால் குடிச்சேன் என்று குழந்தை சிரிக்குமாம். உங்க அப்பன் செத்துப்போயிட்டான் என்று சொல்லுமாம், அப்பன் எங்கே போகிறான் எப்போது வருவான் என்று அதற்கு என்ன தெரியும், நம்பிவிடுமாம், அழுமாம். பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த வாரத்தில் அத்தை இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள், இரண்டாவது பாதிக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது, அடுப்பில் என்னமோ தீயுது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் குழந்தைகளிடம் புளுகிக்கொண்டு திரிகிற நரி இந்த வீட்டில் மட்டும் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறது. கால் மரத்துவிட்டது. சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருக்கிறேன், கால்மேல் தலையணை, தலையணைமேல் பாப்பா, எதிரே பீரோ, பீரோவுக்குப் பக்கத்தில் சாத்திய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் என் நாத்தனார் பேச்சியும் என் கொழுந்தன் வீரணனும். இன்றைக்கு வீரணனுக்குப் பெண் பார்க்க மேலூருக்குப் போகிறார்கள். விடிகிறபோதே பேச்சி வந்து இந்தக் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது அவள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "தம்பி கெளம்புற வரைக்கும் வெளிய வந்துராத ஜோதி. அவன் இன்னும் எந்திரிக்கல. ஒன் மொகத்துல முழிச்சுட்டுப் போனா நல்லாருக்காது. தப்பா நெனச்சுக்காத." தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது என்று அவள் சொல்லவில்லை.

எட்டரை ஆகப்போகிறது. ஒன்பதரைக்கு நான் தெப்பக்குளத்துப் பக்கம் கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றைக்குத்தான் முதல் நாள். நேரத்துக்கு வந்துரும்மா, முதல் நாளே சாக்குச் சொல்லாதே, சங்கத்தில் நாலு பேர் இந்த இடத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள் என்று செயலாளர் முந்தாநாள்தான் சொல்லி அனுப்பினார். காலண்டரில் நல்ல நேரமும் ஒன்பதரைக்குத்தான் பிறக்கிறது. அதற்கு முன்னால் அவர்கள் படி இறங்க மாட்டார்கள், அவர்கள் இறங்காமல் நான் வெளியே வரக்கூடாது, வெளியே வராமல் பண்டகசாலைக்குப் போக எனக்கு இறக்கை கிடையாது, ஜன்னலில் கம்பி இருக்கிறது. ஒரு நாள் லேட்டாப் போனா என்ன, பச்சப்பிள்ளக்காரின்னா விடமாட்டாங்களா என்று பேச்சி நேற்று ராத்திரி சாப்பாட்டில் கேட்டாள். விடமாட்டார்கள். விட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள், அதுதான் அவளுக்கும் வேண்டும். என் வீட்டுக்காரர் மாயழகு அங்கேதான் வேலை பார்த்தார். அவர் போன பிறகு அந்த வேலை குடும்பத்தில் ஒருவருக்கு என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். யாருக்கு என்பதை இந்த வீட்டில் என்னைக் கேட்காமலே பேசி முடித்தார்கள், வீரணனுக்கு. நாளைக்குக் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ எங்கே போவாய், அவன் வேலைக்குப் போகட்டும், உன்னையும் பிள்ளையையும் அவன் பார்த்துக்கொள்வான் என்றார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய், எனக்குத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வருகிற வழியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு ருசியாக அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் தின்றதில்லை. வீரணன் பாட்டுக்கு செல்போன் கடையில் செல்போனைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான், அந்த நாற்காலி உனக்கு வேண்டுமா என்று அவனையும் யாரும் கேட்கவில்லை. பேச்சிதான் கையைத் தட்டி வாசலில் நின்று சொன்னாள், கமுக்கமா இருந்து காரியத்த முடிச்சுட்டா பாரு, குள்ளநரி. நான் குள்ளமே இல்லை. பேச்சியைவிட நாலு விரல் உயரம். அளந்து பார்த்துவிட்டு வையக்கூடாதா.

நரி. இந்த வார்த்தை என் வாழ்க்கைக்குள் வந்தது கல்யாணத்துக்குப் பையன் பார்த்தபோதுதான். பையன் வீடு நரிமேடு என்று தரகர் சொன்னதும், நரி இருக்குமா அங்கே என்று சின்னமனூரில் எங்கள் அப்பா கேட்டார். இருக்கு, எல்லாம் வேட்டி கட்டிக்கிட்டு இருக்கு என்றார் தரகர். எல்லாரும் சிரித்தார்கள். இங்கே வந்து பார்த்தால் மேடும் இல்லை நரியும் இல்லை, டியூஷன் சென்டரும் புரோட்டா கடையும் இருக்கிறது, பேருந்தில் நரிமேடு ஒண்ணு குடுங்க என்று கேட்கும்போது யாருக்கும் நரி ஞாபகம் வருவதில்லை. அவருக்கு மட்டும் வந்தது. கல்யாணமாகி இந்த அறையில் முதல் முதலாக விடிந்தபோது, அவர் கண்ணைத் திறந்ததும் என் மூக்குத்தான் தெரிந்திருக்கிறது, அப்படி ஒட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன், வெட்கக்கேடு. அன்றைக்கு மத்தியானம்தான் அவருடைய வேலை நிரந்தரம் என்று சேதி வந்தது. பண்டகசாலையில் எல்லாரும், நரி முகத்துல முழிச்சியாடா மாயழகு என்று கேட்டார்களாம். ஆமா, எங்க வீட்டிலேயே ஒண்ணு வந்திருக்கு என்றாராம். அதிலிருந்து காலையில் நான் வந்து குனிந்து நிற்காமல் கண்ணைத் திறக்க மாட்டார். இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டித் துழாவுவார். "நரி, விடிஞ்சிருச்சா, மொகத்தக் காட்டு." கை ஈரத்தை அவர் முகத்தில் உதறுவேன். மாவு கரைத்த கை, மீன் கழுவிய கை, எந்தக் கையாக இருந்தாலும் திட்ட மாட்டார், அந்த ஈரத்தோடு சிரித்துக்கொண்டே கண்ணைத் திறப்பார். அதே வார்த்தைதான். அவர் வாயில் அதற்கு யோகம் என்று அர்த்தம், பேச்சி வாயில் களவாணி என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வீட்டில் பேசப் படித்தவர்கள். பேச்சி அந்த வார்த்தையை என்மேல் எறிந்தபோது எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால், ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் கூப்பிடுகிறார் என்று திரும்பிவிட்டேன். அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். வைததை மன்னிப்பேன். என்னைத் திரும்பிப் பார்க்க வைத்ததை மன்னிக்க மாட்டேன்.

ஹாலில் நாற்காலி இழுபடுகிறது. வீரணன் குளித்துவிட்டான் போல, புதுச்சட்டை மடிப்பு கலையாமல் உட்காருடா என்று பேச்சி சத்தம் போடுகிறாள். அவள் வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டு வரப் போயிருக்கிறாராம். பூ வாங்கியாச்சா, பழம் வாங்கியாச்சா, ஆப்பிள் வேண்டாம் மாதுளை வை. வீரணன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தப் போனில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவனேதான் காட்டினான். அண்ணன் செத்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம், நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, மதினி இங்க பாருங்க என்று நீட்டினான். திரை முழுக்க ஒரு நரியின் முகம். காது விறைத்து நேராக நம்மைப் பார்க்கிறது, கூர் மூக்கு, சாந்தமான கண். சேலத்துக்காரப் பையன் ஒருவன் அனுப்பினானாம், எழுந்ததும் இதைப் பார்த்தால் நல்லது நடக்குமாம், அந்தப் பக்கமெல்லாம் பொங்கல் முடிந்ததும் நிஜ நரியையே பிடித்துக்கொண்டுவந்து ஊருக்குக் காட்டுவார்களாம். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன் மதினி, கண்ணைத் திறந்ததும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன் என்றான். அவன் அண்ணன் போனதிலிருந்து அவனுக்குக் காலை என்றாலே பயம் என்று எனக்குப் புரிந்தது. நல்லது தம்பி என்றேன். இன்றைக்கும் அதில்தான் முழித்திருப்பான். செல்போனில் இருக்கிற நரியின் முகத்தில் முழித்துவிட்டு, அறைக்குள் இருக்கிற நரியின் முகம் பட்டுவிடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு வருகிறது. சிரித்தால் தொடை குலுங்கும், பாப்பா எழுந்துவிடுவாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அது எப்போதும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடும், மாடு பழக்கப்பட்ட வீட்டு வாசலில் நிற்பதைப் போல. அன்றைக்கும் அவர் என் முகத்தில்தான் முழித்தார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும், வேறு யார் முகத்தில் முழித்திருப்பார். நரி, மொகத்தக் காட்டு என்றார். எனக்கு அப்போது மசக்கை விடவில்லை, வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது, முகம் கழுவவில்லை, தலை அவிழ்ந்து கிடந்தது. இந்தா பாருங்க என்று குனிந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தார், சிரித்தார், எழுந்தார், குளித்தார், இட்லி சாப்பிட்டார், பைக்கை எடுத்துக்கொண்டு போனார், பாண்டி கோயில் தாண்டி ரிங் ரோட்டில் லாரி. முகம் கழுவிவிட்டுப் போயிருக்கலாமோ. தலையை முடிந்திருக்கலாமோ. வேண்டாம் போங்க, நேரமாச்சு எழுந்திருங்க என்று அடுப்படியிலிருந்தே கத்தியிருக்கலாமோ, அப்போது வேறு யாராவது முகத்தில், சுவரில் இருக்கிற சாமி படத்தில், எதிர்வீட்டு நாய் முகத்தில் முழித்திருப்பாரோ. ராத்திரியில் இதையே நினைத்து நினைத்து, அந்தக் காலையைத் திரும்பத் திரும்பத் துணி அலசுவது மாதிரி அலசியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கடைசியில் லாரிதான் வருகிறது. அப்புறம் ஒரு நாள், பாப்பாவைப் பெற்றுப் படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு அது தோன்றியது. அந்த லாரிக்காரன் அன்றைக்கு யார் முகத்தில் முழித்தான். அதை யாரும் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, பேச்சி கேட்கவில்லை, எழவுக்கு வந்த அத்தனை பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வண்டியை ஓட்டினவன் ஒருத்தன், பிரேக்கைச் சரிபார்க்காதவன் ஒருத்தன், நான் இங்கே வீட்டில் எச்சிலைத் துப்பிக்கொண்டு கிடந்தேன், குற்றம் என் மூஞ்சிக்கு. அவர் ஆயிரம் நாள் இந்த முகத்தில் முழித்தார், ஒரு நாளைக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

பீரோ கண்ணாடியில் தெரிகிறேன். உட்கார்ந்த வாக்கில் பாதி உடம்பு, தூங்கும் பிள்ளை, வீங்கிய கண். இந்த முகத்தில் என்னதான் இருக்கிறது. மூக்கு கூர்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். காது கொஞ்சம் விரிந்து நிற்கும், சின்ன வயதில் அதற்காகவே முடியை இறக்கிச் சீவுவேன். மற்றபடி சாதாரண முகம், ரேஷன் கடையில் வரிசையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத முகம். இதற்குப் போய் இத்தனை பலமா, ஒரு கல்யாணத்தை நிறுத்தும், ஒரு பையனின் தலையெழுத்தை மாற்றும். அவ்வளவு பலம் இருந்தால் நான் வேறு வேலை பார்ப்பேனே, பில் போடப் போவானேன். எங்கள் ஊர்ப் பக்கம் கரிசலில் நரிப்பயறு என்று ஒன்று உண்டு. யாரும் விதைக்க மாட்டார்கள், களை மாதிரித் தானே படரும், பாசிப்பயறு போலவே காய்க்கும், சின்னதாக இருக்கும். நரிவெங்காயம் என்றும் ஒன்று உண்டு, பார்த்தால் வெங்காயம், வாயில் வைத்தால் கசப்பு. நம்ம வீட்டுது மாதிரியே இருக்கும் ஆனால் நம்ம வீட்டுது இல்லை என்றால் அதற்கு முன்னால் ஒரு நரியைச் சேர்த்துவிடுவார்கள். அவர் இருந்தவரைக்கும் நான் மருமகள், அவர் போனதும் நரிமருமகள். சரி, இருந்துவிட்டுப் போகிறேன். நரிப்பயறுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, அது பாட்டுக்குக் கிடக்கிறது, மழை தப்பின வருஷம் பாசிப்பயறு கருகி நிற்கும்போது மாட்டுக்கு அதைத்தான் பிடுங்கிப் போடுவார்கள், பஞ்சத்தில் மனுஷருக்கும் அதுதான். ஆவணி மூலத்தில் நரியைப் பரியாக்கின திருவிழாவுக்கு அவர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார், கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் நான் கேட்டதாகப் பிறகு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மந்திரி கோயிலுக்குச் செலவழித்துவிட்டார், அவரைக் காப்பாற்ற சாமி காட்டு நரியையெல்லாம் குதிரையாக்கி மதுரைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வந்தார், ராஜா தடவிக் கொடுத்து லாயத்தில் கட்டினார், ராத்திரி எல்லாம் மறுபடி நரியாகிவிட்டது. நரியிடம் கேட்டார்களா என்று நான் கேட்டேன். குதிரையாக இருக்க உனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா. அவர்களுக்குத் தேவை என்றால் அது குதிரை, தேவை தீர்ந்தால் அது நரி, ராத்திரி ஊளையிட்டதற்கு அடி வேறு. பேசாம சாமியக் கும்பிடு நரி என்றார், கூட்டத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கை வேர்த்திருந்தது.

ஒன்பதாகப் போகிறது. மார்பு கனக்கத் தொடங்கிவிட்டது, பாப்பாவுக்கு இன்னும் பசிக்கவில்லை எனக்குக் கனக்கிறது, உடம்புக்கு எந்தக் காலண்டரும் தெரிவதில்லை. விடிவதற்கு முன்னாலேயே கறந்து கிண்ணத்தில் மூடி வைத்திருக்கிறேன், ஊட்டச் சங்கு கழுவி வைத்திருக்கிறேன், எல்லாம் அடுப்படியில் இருக்கிறது. அடுப்படியில்தான் அத்தையும் இருக்கிறாள். அவளும் ஹாலுக்கு வர மாட்டாள். சொந்த மகன் பெண் பார்க்கப் போகிறான், பெற்றவள் அடுப்படியில் கதவோரம் நின்று கரண்டிச் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளை யாரும் உள்ளே இருக்கச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதே இல்லை, பழகிவிட்டாள், மாமனார் போகும்போது வீரணனுக்குப் பால்பல்லே விழவில்லையாம். ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவளாகத்தான் சொன்னாள், பேச்சி கல்யாணத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று. மண்டபத்துச் சமையல்கட்டில், வாழையிலைக் கட்டுக்குப் பின்னால். "கெட்டிமேளம் கேட்டுச்சு. அப்ப தாலி ஏறிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். நான் காம்பை எல்லாம் இலையோடு சேர்த்துப் போட்டுவிட்டேன், அன்றைக்குக் கூட்டு நார் நாராக இருந்தது. பேச்சி என்னைக் குள்ளநரி என்று வைத அன்றைக்கு அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை, மகள் பக்கமும் பேசவில்லை. ராத்திரி மட்டும் என் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, வேலைக்குப் போறதுன்னா போ, பிள்ளைய நான் பாத்துக்கிறேன், ஒனக்காக இல்ல, அது எம் மகன் பிள்ளை என்றாள். ஒனக்காக இல்ல என்பதை இரண்டு தடவை சொன்னாள். இப்போது பாப்பாவை அவள் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்க ஹாலைத் தாண்ட வேண்டும், தாண்டினால் வீரணன் பார்ப்பான். பத்தடி தூரம்கூட இருக்காது.

பயமாக இருக்கிறது. மேலூர்ப் பெண்வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஜாதகம் ஒத்து வரவில்லை, பெண்ணுக்குப் பையனைப் பிடிக்கவில்லை, அதிக நகை கேட்டார்கள், என்ன காரணமாக இருந்தாலும் அது என் முகம்தான். அடுத்த இடம் தட்டினாலும் என் முகம், அதற்கடுத்த இடம் தட்டினாலும் இதே முகம், வீரணனுக்குத் தலை நரைத்தாலும் இதையே சொல்லுவார்கள், பாப்பா வளர்ந்து காதில் விழும், அம்மா உன் முகத்துக்கு என்னம்மா என்று கேட்பாள். அதற்காக உள்ளேயே உட்கார்ந்திருந்தால். இன்றைக்குப் பெண் பார்க்கிறது, அப்புறம் பூ வைக்கிறது, அப்புறம் கல்யாணம், வளைகாப்பு, பெயர் வைக்கிறது, காது குத்து. ஒவ்வொன்றுக்கும் இந்தக் கதவு சாத்தப்படும். சாத்தச் சாத்த யாரும் சாத்தாமலே நானே எழுந்து போய்ச் சாத்திக்கொள்வேன், கரண்டிச் சத்தத்தை அடக்கப் படித்துக்கொள்வேன். பாப்பா கல்யாணத்தில் நானும் வாழையிலைக்குப் பின்னால் நின்று கெட்டிமேளம் கேட்பேன். அதுதான், அந்த இடம்தான் எனக்குத் தாங்கவில்லை. என் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுவதை நான் காதால் பார்க்க மாட்டேன். பாப்பாவின் உதடு மறுபடி கோணுகிறது. என்னடி சொல்கிறது நரி. அப்பா செத்துட்டார் என்கிறதா. ஆமாம்டி, அது பொய் இல்லை, அழுதுகொள். அம்மா செத்துட்டா என்கிறதா. அது மட்டும் பொய், சுத்தப் பொய், சிரி.

எழுந்தேன். கால் ஊசி குத்தியது, ஒரு கையால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோளில் பையை மாட்டினேன், பாப்பாவை மறு தோளில் சாய்த்தேன், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். முகம் கழுவித்தான் இருந்தது, தலை முடிந்துதான் இருந்தது. கதவைத் திறந்தேன். பேச்சிதான் முதலில் பார்த்தாள். கையில் இருந்த தாம்பாளத்தை, பூவும் மாதுளையுமாக, அப்படியே தூக்கிக்கொண்டு வீரணன் முன்னால் போய் மறைத்து நின்றாள், அவன் முகம் தாம்பாளத்துக்குப் பின்னால் போய்விட்டது, புதுச்சட்டைதான் தெரிந்தது.

"இன்னும் செத்த நேரந்தான ஜோதி. பொறுக்க மாட்டியா?"

எனக்கு ஒன்பதரைக்கு வேலை என்றேன். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒங்க போன்ல வச்சிருக்கீங்களே, அது என்னா?"

தாம்பாளத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நரி, மதினி."

"எதுக்கு வச்சிருக்கீங்க?"

"மொகத்துல முழிச்சா நல்லதுன்னு."

"ஒங்க அக்கா எனக்கும் அந்தப் பேருதான் வச்சிருக்காங்க. ஒங்க அண்ணன் அதுக்கு முன்னாடியே வச்சாரு. அப்ப ஏன் மறைக்கிறீங்க? அதுல ஒண்ணு பாத்தாச்சு, நேர்ல ஒண்ணு பாத்துட்டுப் போங்க. ரெண்டு நரி மொகம், தைரியமாப் போய்ப் பொண்ணப் பாருங்க."

வீரணன் கையை உயர்த்தித் தாம்பாளத்தைப் பைய ஒதுக்கினான். என்னைப் பார்த்தான். அண்ணனின் கண் அவனுக்கு, அதை நான் இவ்வளவு நாளாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். முகத்தைத் திருப்பவில்லை. பேச்சிக்குத்தான் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது, கோபமா பயமா தெரியவில்லை, இரண்டுமாக இருக்கும், அவளுக்கும் மிச்சம் இருப்பது ஒரே தம்பி. "அமையாமப் போகட்டும்," என்றாள், "அப்பறம் இருக்கு ஒனக்கு."

"அமையலேன்னா ஏம் மொகம்னு சொல்லுவீங்க. அமைஞ்சா யார் மொகம்னு சொல்லுவீங்க?"

பேச்சி தாம்பாளத்தில் சரிந்த மாதுளையை எடுத்து நேராக வைத்தாள். அமைகிற இடத்துக்கு இவர்கள் வார்த்தையே செய்து வைக்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அத்தை நிலைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லாத கை. நான்தான் அங்கே போய்ப் பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவள் வந்தாள். நிலையைத் தாண்டினாள், ஹாலுக்குள் வந்தாள், மகன் எதிரே நடுக்கூடத்தில் நின்று என் தோளிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். அம்மா நீயுமா என்று பேச்சி மெதுவாகக் கேட்டாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. வீரணனைப் பார்த்தாள், நன்றாக நிமிர்ந்து, முக்காட்டை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு இல்லடா," என்றாள். "மூணு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். படியில் எதிரே காரைக் கழுவிவிட்டுப் பேச்சி வீட்டுக்காரர் ஏறி வந்தார், என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார், வழிவிடத்தான் ஒதுங்கினார் என்று எடுத்துக்கொண்டேன். மேலே பாப்பா சிணுங்கும் சத்தம் கேட்டது, முழித்துவிட்டாள், முழித்தது அத்தை முகத்தில். அத்தை அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள், உங்க ஆத்தா வேலைக்குப் போயிருக்கா, உங்க ஆத்தா வேலைக்குப் போயிருக்கா என்று. இதை எந்த நரியும் எந்தக் குழந்தையிடமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. கடைசிப் படியில் ஒரு நொடி நின்று காது கொடுத்தேன். சிரிப்புச் சத்தமும் வரவில்லை, அழுகைச் சத்தமும் வரவில்லை. யோசிக்கிறாள் போலிருக்கிறது. யோசிக்கட்டும்.